ஆலய நிலத்தில் குறைந்த வாடகை வீடு: விற்பதா, நீள்குத்தகையா, நாமே கட்டுவதா? (அமெரிக்கா)

#1 பனைமரம்

வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியாவில் ஒரு சபை. 1.3 ஏக்கர் இடம். 1962இல் கட்டிய ஆலயம், ஒரு ஞாயிறு பள்ளிக் கட்டடம், 85 கார் நிற்கிற தார்த்தரை. ஆராதனைக்கு எழுபது பேர் வந்தால் அதிகம். கூரை ஒழுகுகிறது, பாய்லர் கடைசி மூச்சில். அக்கம்பக்கத்தில் வேலை செய்கிற நர்சிங் உதவியாளர், பஸ் ஓட்டுநர், சமையல்காரர் எல்லாரும் ஒரு மணி நேரம் பயணப்பட்டு வருகிறவர்கள். இவர்களுக்கு அங்கேயே வாடகை வீடு வேண்டும் என்பதில் சபையார் ஒரே மனசு. எப்படி என்பதில்தான் மூன்று கட்சி: நிலத்தை வீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிடலாம், நிலத்தை வைத்துக்கொண்டு குத்தகைக்கு விடலாம், சபையே கட்டலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது, சபையாருக்கு முன்னுரிமை உண்டா, எந்த இடத்தில் சறுக்கும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

பணத்தைப் பார்த்துவிட்டால் மூன்றாவது கட்சி தானாகவே கலைந்துவிடும்.

இந்த நாட்டில் குறைந்த வாடகை வீட்டின் முதுகெலும்பு 1986 வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் வந்த வரிச்சலுகை. வரிச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. தொழிலில் ‘லைடெக்’ என்பார்கள். அரசு ரொக்கம் தராது. பத்து வருடம் வருமான வரியில் கழித்துக்கொள்ளும் உரிமையைத் தரும். அதை வங்கி மாதிரி ஒரு முதலீட்டாளர் முன்பணம் கொடுத்து வாங்கிக்கொள்வார். இதற்காகக் கட்டடம் ஒரு கூட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அதில் முதலீட்டாளருக்கு 99.99 சதவீதம், நடத்துகிறவருக்கு 0.01.

80 வீடு என்று வைத்து ஒரு கணக்கு (எல்லாம் உதாரண எண்கள்). நிலம் நீங்கலாக மொத்தச் செலவு 3.6 கோடி டாலர். அதில் சலுகைக்குக் கணக்கில் வரும் செலவு 2.8 கோடி. கடன்பத்திரத்தோடு வருகிற 4 சதவீத வகை என்றால் வருடம் 11.2 லட்சம், பத்து வருடத்துக்கு 1.12 கோடி. டாலருக்கு 85 சென்ட் விலை போனால் கையில் 95 லட்சம்.

அடுத்து வங்கிக்கடன். வாடகை சராசரி 1,600 டாலர் என்றால் 80 வீட்டுக்கு வருடம் 15.36 லட்சம். காலியாகக் கிடப்பதற்கு 5 சதவீதம், நிர்வாகச் செலவு வீட்டுக்கு 8,500, பழுது இருப்பு வீட்டுக்கு 300 எல்லாம் கழித்தால் மிச்சம் 7.55 லட்சம். கடன் தவணையைப் போல 1.15 மடங்கு மிச்சம் இருக்க வேண்டும் என்று வங்கி கேட்கும். 35 வருடம், 6.5 சதவீத வட்டிக்கு ஏறத்தாழ 90 லட்சம் கடன் கிடைக்கும்.

95ம் 90ம் கூட்டினால் 1.85 கோடி. தேவை 3.6 கோடி. கட்டுகிற நிறுவனம் தன் கூலியில் 15 லட்சத்தைத் தள்ளிப்போட்டாலும் துண்டு 1.6 கோடி. நிலம் இலவசம் என்று வைத்த பிறகும் இந்தத் துண்டு. அதை மூடுவது கவுண்டியும் (உள்ளூர் மாவட்ட நிர்வாகம்) மாநிலமும் இளகிய நிபந்தனையில் தருகிற மென்கடன். ஆர்லிங்டன் கவுண்டியில் அதற்கென்றே ஒரு வீட்டு முதலீட்டு நிதி இருக்கிறது. காணிக்கைத் தட்டில் நிரம்புகிற தொகை இல்லை இது.

#3 பனைமரம்

நிலத்தை இலவசமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கூடாதா? மூப்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

#4 கணக்குப்பிள்ளை

கூடாது. சலுகைக்குக் கணக்கில் வரும் அந்த அடிப்படைச் செலவில் நில விலை சேரவே சேராது. இலவச நிலம் துண்டைக் குறைக்கும், சலுகையைக் கூட்டாது. சலுகையைக் கூட்டுவது இருக்குமிடம்: மத்திய வீட்டுவசதித் துறை அறிவிக்கிற ஏழ்மைப் பகுதியோ கட்டுமானம் கடினமான பகுதியோ என்றால் அடிப்படையை 130 சதவீதமாக எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன கணக்கில் 28 லட்சம் கூடும். மாநிலம் தன் விருப்பத்தில் தருகிற 30 சதவீத ஏற்றம் 9 சதவீத வகைக்கு மட்டும்தான், 4 சதவீதத்துக்குக் கிடையாது. இதைக் குழப்பிக்கொண்டு பட்ஜெட் போட்டவர்கள் உண்டு.

9 சதவீத வகை பெரிய தொகை, ஆனால் போட்டி; மாநிலம் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று மதிப்பெண் போட்டுப் பிரிக்கும். 4 சதவீதத்துக்கு முன்பெல்லாம் செலவில் பாதியையாவது வரிவிலக்குக் கடன்பத்திரத்தில் திரட்ட வேண்டும். 2025 சட்டத்துக்குப் பின், 2026 முதல் தயாராகும் கட்டடங்களுக்கு 25 சதவீதம் போதும்.

வாடகை எப்படி வருகிறது என்பதும் கமிட்டிக்குத் தெரியட்டும். வட்டாரத்தில் நாலு பேர் குடும்பத்தின் நடுநிலை வருமானம் 1,50,000 டாலர் என்று வையுங்கள். குடியேறுபவரின் வருமான வரம்பு அதில் 60 சதவீதம் என்றால் 90,000. இரண்டு படுக்கையறைக்கு மூன்று பேர் என்று கணக்கு (அறைக்கு ஒன்றரைப் பேர்), மூன்று பேருக்கு அதில் 90 சதவீதம், 81,000. அதில் 30 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 2,025. மின்சாரம், எரிவாயுவுக்கு 125 கழித்தால் 1,900. ‘குறைந்த வாடகை’ என்று பெயர் வைத்துவிட்டு 1,900 டாலரா என்று சபையார் அதிர்ச்சி அடைவது இந்த இடத்தில்தான். பஸ் ஓட்டுநருக்கு எட்ட வேண்டும் என்றால் 30, 40, 50 சதவீத வீடுகளைக் கலக்க வேண்டும். கலந்தால் வாடகை குறையும், வங்கிக்கடன் சுருங்கும், துண்டு வளரும். சபை உண்மையிலேயே மல்லுக்கட்ட வேண்டியது இந்தக் கலவைக்குத்தான். முகப்பு ஓவியத்துக்கு இல்லை.

#5 வில்லங்கம் பார்ப்பவன்

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதோடு நிலப்பக்கம் நான் சேர்க்கிறேன்.

அந்த வட்டாரத்திலேயே மூன்று மாதிரி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஆர்லிங்டன் பிரஸ்பிட்டேரியன் சபை நிலத்தை வீட்டு நிறுவனத்துக்கு விற்றது. கல் ஆலயம் இடிக்கப்பட்டு 2019இல் கில்லியம் பிளேஸ் என்று 173 வீடுகள் எழுந்தன; சபை கீழ்த்தளத்தில் வாடகைக்குத் திரும்பி வந்தது. கிளாரெண்டனில் ஒரு பாப்டிஸ்ட் சபை பத்து மாடிக் கட்டடத்தின் கீழ் இரண்டு தளங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. மேலே 116 வீடு, அதில் 70 குறைந்த வாடகை. அலெக்சாண்டிரியாவில் எபிஸ்கோபல் சபை நிலத்தில் ஸ்பயர் என்ற 113 வீட்டுக் கட்டடமும் பக்கத்திலேயே சிறிய புது ஆலயமும்.

விற்றால் ரொக்கம் ஒரே முறை. சலுகைச் சட்டப்படி குறைந்த வாடகைக் கட்டாயம் பொதுவாக 30 வருடம். அதற்கு மேல் மாநிலமோ கவுண்டியோ கேட்டால்தான் நீளும். குத்தகை என்றால் 65 முதல் 99 வருடம், காலம் முடிந்தால் நிலமும் கட்டடமும் சபைக்கு. என் பரிந்துரை குத்தகை. ஆனால் ஒப்பந்தத்தில் நாலு இடத்தில் கண்ணை விழித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

முதலாவது, வங்கி நிலத்தையும் அடமானத்தில் சேர்க்கச் சொல்லும். ஒப்புக்கொள்ளாதீர்கள். குத்தகை உரிமையை மட்டும் அடமானம் வைக்கட்டும். பதிலுக்கு, குத்தகைதாரர் தவறினால் வங்கிக்கு நோட்டீசும் சரிசெய்ய அவகாசமும் தருவதாக எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் அதற்கு ஒத்துவரும். நிலத்தையே கொடுத்துவிட்டு ஜப்தி வந்தால் 99 வருடக் குத்தகை காகிதம்தான்.

இரண்டாவது, குத்தகைப் பணம். வருடம் ஒரு டாலரா, முன்பணமாக ஒரு தொகையா, வருமானத்தில் பங்கா? மிஞ்சிய காசில் பங்கு என்று எழுதுவதற்கு முன் வரி வக்கீலைக் கேளுங்கள். சர்ச் வாங்குகிற நில வாடகைக்குச் சாதாரணமாக வருமான வரி இல்லை. ஆனால் வாடகை குத்தகைதாரரின் நிகர லாபத்தைப் பொறுத்து ஏறி இறங்கினால் அந்த விலக்கு போய்விடும். மொத்த வசூலில் சதவீதம் என்றால் போகாது. ஒரு வார்த்தை வித்தியாசம்தான்.

மூன்றாவது, சொத்துவரி. ஆலயம் வரி கட்டுவதில்லை என்பதால் அதன் நிலத்தில் எழும் வீடுகளும் கட்ட வேண்டாம் என்று நினைப்பது தப்பு. குத்தகை தொடங்கிய நாளிலிருந்து எந்த வரி வந்தாலும் குத்தகைதாரர் தலையில் என்று எழுதுங்கள்.

நாலாவது, பதினைந்தாம் வருடம். அதைத் தனியாக எழுதுகிறேன், அது ஒரு பெரிய கதை.

#6 ஒலிவக்கிளை

கலிஃபோர்னியாவில் இதெல்லாம் இவ்வளவு சிக்கல் இல்லையே. எஸ்பி 4 சட்டம் 2024 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. சர்ச் நிலத்தில் குறைந்த வாடகை வீடு கட்ட மண்டல மாற்றம் (நிலப் பயன்பாட்டு வகையை மாற்றுவது) வேண்டாம், சுற்றுச்சூழல் விசாரணை வேண்டாம், விதிக்கு உட்பட்டால் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும்.

#7 வில்லங்கம் பார்ப்பவன்

அக்கா, அது நல்ல சட்டம்தான். ஆனால் அது தீர்ப்பது அனுமதிப் பிரச்சினையை, துண்டை இல்லை. 2024 ஜனவரி 1க்குள் சபை கையில் இருந்த நிலமாக இருக்க வேண்டும். ஏறக்குறைய எல்லா வீடும் குறைந்த வருமானத்தாருக்கு. மிதமான வருமானத்தாருக்கு 20 சதவீதம், நிறுவனத்தின் ஊழியருக்கு 5 சதவீதம் வரை தளர்வு. வாடகைக் கட்டுப்பாடு 55 வருடம். பத்து வீட்டுக்கு மேல் போனால் அரசு நிர்ணயித்த கூலி கொடுக்க வேண்டும், அது செலவைத் தூக்கும். சட்டமே 2036இல் காலாவதி. பனைமரம் கேட்பது வர்ஜீனியா. அங்கே மண்டல மாற்றம், பொது விசாரணை, பக்கத்து வீட்டுக்காரர் வழக்கு எல்லாம் தாண்ட வேண்டும். கிளாரெண்டன் கட்டடத்தின் மேல் அரசு பணம் மதத்துக்குப் போகிறது என்று மத்திய நீதிமன்றம் வரை போனார்கள். நான்காவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் வழக்குத் தள்ளுபடியை உறுதி செய்தது. ஜெயித்தது சரி, ஆனால் வழக்கு ஓடுகிற காலத்தில் கட்டுமான விலை சும்மா இருக்காதே.

#8 சலோமி டீச்சர்

முன்னுரிமைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

சபையாருக்கென்று ஒதுக்க முடியாது. லாபமின்றி நடத்தும் வீட்டில் தன் மதத்தாரை மட்டும் வைத்துக்கொள்ள 1968 நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் சர்ச்சுகளுக்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் காட்டி வாதாடுகிறவர்கள் ஒவ்வொரு கமிட்டியிலும் ஒருவராவது இருப்பார். ஆனால் லைடெக் வீடு பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது தனி விதி. ஒரு சங்கத்தின் உறுப்பினருக்கு மட்டும் என்றால் சலுகையே போய்விடும்.

வட்டாரத்தாருக்கு முன்னுரிமை கேட்கலாம், கவனமாக. நியூயார்க் நகரம் புது வீடுகளில் பாதியை அந்தந்த வட்டாரத்தாருக்கு ஒதுக்கி வந்தது. இனப்பிரிவினையை நிலைநிறுத்துகிறது என்று 2015இல் போட்ட வழக்கு 2024இல் சமரசத்தில் முடிந்தது: 20 சதவீதம், 2029க்குப் பிறகு 15. பேட்டையிலேயே வேலை செய்கிறவர்களுக்கு என்று எழுதினால் குடியிருப்பவர்களுக்கு என்பதைவிடப் பாதுகாப்பு, ஏனென்றால் வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களும் அதில் அடங்குவார்கள். பனைமரம் சொன்ன நர்சிங் உதவியாளர்களுக்கு இதுவே பொருத்தம்.

சபை செய்யக்கூடியது இது: விண்ணப்பம் திறக்கிற தேதி, கேட்கிற காகிதங்கள் (சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வரித் தாக்கல்) இவற்றை அறிவிப்பு நேரத்தில் சொல்லலாம், நிரப்ப உதவலாம். ஆனால் அதே உதவி வாசலில் வருகிற எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். இன்னொன்று, வீட்டில் எல்லாருமே முழுநேர மாணவர் என்றால் சில விலக்குகள் தவிர வீடு கிடையாது. கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து எடுக்கலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

போதகர் வீடும் இதில் சேராது. முழுநேரக் கட்டட மேலாளருக்கு ஒரு வீடு தனியாக வைக்கலாம். போதகர் மேலாளர் இல்லை.

#9 பாய்லர் மேஸ்திரி

மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே. 1962 கட்டடம் என்றால் பழைய எண்ணெய்த் தொட்டி புதைந்திருக்க வாய்ப்பு அதிகம். எரிவாயுவுக்கு மாறிய நாளில் தொட்டியை அப்படியே மூடிவிட்டுப் போயிருப்பார்கள். முதற்கட்ட சுற்றுச்சூழல் ஆய்வில் பழைய வரைபடம், அனுமதிச் சீட்டு எல்லாம் தோண்டுவார்கள். தெருவில் எப்போதாவது துணி வெளுக்கும் கடை இருந்திருந்தால் அதன் கரைப்பான் நிலத்தடியில் பரவி வாடை மேலே வரும். அதற்குத் தரைக்குக் கீழே தடுப்புப் படலமும் காற்றுக் குழாயும் வேண்டும். இடிக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸ் (தரை ஓடு, அதன் பசை, குழாய் உறை), ஈயப் பெயின்ட் சோதனை. ஆலய முற்றத்தில் கல்லறை இருந்திருக்கிறதா என்று சபைப் பதிவேட்டையும் பாருங்கள். அடையாளக் கல் இல்லாமலும் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழி இது. கவுண்டி மூலம் மத்திய அரசுப் பணம் (ஹோம் நிதி மாதிரி) கேட்டு விண்ணப்பித்த பிறகு, சுற்றுச்சூழல் ஒப்புதல் வரும்வரை இடத்தை மாற்றக்கூடிய எதையும் செய்யக்கூடாது. சொந்தக் காசில்கூடக் கூடாது. ஞாயிறு பள்ளிக் கட்டடம் ஆபத்தாக இருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் இடித்தால் அந்த நிதி கையைவிட்டுப் போகும். குத்தகை, கிரயம் எதுவானாலும் அந்தக் கட்டத்தில் நிபந்தனையோடு கூடிய விருப்ப ஒப்பந்தமாக (பிறகு எடுத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் தருவது) மட்டும் இருக்க வேண்டும். ஹோம் நிதி 12 வீட்டுக்குப் போனாலே மத்திய கூலி விதி முழுக் கட்டுமானத்துக்கும் வந்துவிடும். அதனால்தான் 11 வீட்டோடு நிறுத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

#10 பனைமரம்

தலை சுற்றுகிறது, ஆனாலும் நன்றி. ஆலயம் அதே கட்டடத்தில் கீழே வர வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். குழந்தைகள் காப்பகமும்.

#11 கணக்குப்பிள்ளை

ஆலயப் பகுதி தனிச் சொத்தாகப் பிரிய வேண்டும், அடுக்குமாடி உரிமை மாதிரி. அதன் செலவு வரிச்சலுகையில் சேராது, வீட்டுக்கான அரசுப் பணம் ஒரு காசுகூட அதற்குள் போகக்கூடாது. அஸ்திவாரம், லிப்ட், தீயணைப்புக் குழாய் இரண்டுக்கும் பொது என்பதால் எந்த விகிதத்தில் பிரிப்பது என்று முதல் வரைபடத்திலேயே முடிவாக வேண்டும். ஆலயக் கூடத்துக்கு நடுவில் தூண் இருக்கக்கூடாது; மேலே வீடுகளின் சுவர் வேறு அளவில் இறங்கும்; நடுவில் கனத்த கான்கிரீட் மேடை போட்டுச் சுமையை மாற்ற வேண்டும். அந்த மேடை விலையைப் பார்த்துவிட்டுப் பலர் பக்கத்தில் தனிக் கட்டடம் என்று மனசு மாறுகிறார்கள். ஸ்பயரில் பக்கத்தில் தனியாக இருக்கிறது, பாருங்கள்.

காப்பகம் வேறு. ஏழ்மைப் பகுதியில் இருந்தால், வட்டாரத்துக்குப் பயன்படும் சேவை இடத்தை ஓர் அளவு வரை அடிப்படைச் செலவிலேயே சேர்க்கலாம்: முதல் 1.5 கோடியில் 25 சதவீதம், அதற்கு மேல் 10. ஆனால் ஜெபத்தோடு தொடங்கும் காப்பகம் என்றால் அரசுப் பணம் பிரச்சினை ஆகும்.

#12 நெகேமியா ரசிகன்

எல்லாரும் வாடகை வாடகை என்கிறீர்கள். 1980களில் கிழக்கு புரூக்ளின் சபைகள் சொந்த வீடே கட்டிக் கொடுத்தனவே? நகரம் நிலம் கொடுத்தது, வீட்டுக்கு 10,000 டாலர் இரண்டாம் கடன் கொடுத்தது. சபைகளும் மேல்சபைகளும் வட்டியில்லாக் கட்டுமான நிதி திரட்டின. ஒரே மாதிரி வரிசை வீடுகள், தெருத்தெருவாக.

#13 வில்லங்கம் பார்ப்பவன்

அருமையான காரியம். ஆனால் அது காலியான நகர நிலம் ஏக்கர் ஏக்கராகக் கிடந்த காலத்து வேலை, ஒரு சபையின் 1.3 ஏக்கர் இல்லை. ஒரே வரைபடத்தை நூற்றுக்கணக்கில் திரும்பக் கட்டியதால் வந்த மலிவு அது. அந்த நிதியும் சுழல் நிதி. வீடு விற்றதும் அடுத்த வரிசைக்குப் போய்விடும்.

அதற்கு முன்னால் நடந்ததையும் பாருங்கள். 1960களில் மத்திய திட்டங்கள் லாபநோக்கற்றவர்களுக்குச் செலவில் 100 சதவீதமும் கடன் கொடுத்தன. ஏராளமான சபைகள் இறங்கின. கைக்காசு போடவில்லை, அதனால் இருப்பும் இல்லை. பாய்லர் உடைந்தால் மாற்றப் பணம் இல்லை, வாடகையை ஏற்றவும் மனசு வரவில்லை. பல கட்டடங்கள் கடன் தவறி வீட்டுவசதித் துறை கைக்குப் போயின. அந்த அனுபவத்தால்தான் இப்போது முதலீட்டாளரும் வங்கியும் ஆறு மாதச் செலவுக்கு இருப்பு வைக்கச் சொல்கிறார்கள்.

சபையே கூட்டாகக் கட்டுகிறது என்றால் கட்டுநர் கூலியில் பங்கு கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். கூடவே மூன்று பொறுப்புறுதி வரும்: கட்டி முடிப்பேன், நஷ்டம் வந்தால் ஈடுசெய்வேன், சலுகை குறைந்தால் திருப்பித் தருவேன். சபை எந்தப் பொறுப்புறுதியிலும் கையெழுத்துப் போடக்கூடாது. ஆலயமே ஈடாகப் போகும்.

#14 வில்லங்கம் பார்ப்பவன்

பதினைந்தாம் வருடம் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. முதலீட்டாளர் பத்து வருடம் சலுகையை எடுத்து, பதினைந்தில் வெளியேறுவார். அப்போது மீதிக் கடனும் அந்த விற்பனையால் விழும் வரிகளும் சேர்ந்த குறைந்தபட்ச விலைக்குக் கட்டடத்தை வாங்க, தகுதியுள்ள லாபநோக்கற்ற அமைப்புக்கு முதல் உரிமை கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தத் தகுதிக்கு, குறைந்த வருமான வீட்டை வளர்ப்பது தன் நோக்கங்களில் ஒன்று என்று அமைப்பின் சாசனத்தில் இருக்க வேண்டும். சபையின் சாசனத்தில் அது இருக்காது. அதனால் முதல் நாளிலேயே சபை தனியாக ஒரு சிறிய வீட்டு அமைப்பைப் பதிவு செய்து, உரிமையை அதன் பெயரில் எழுத வேண்டும்.

எழுதிய பிறகும் நிம்மதி இல்லை. வெளியேறும் முதலீட்டாளரின் பங்கை வேறு கம்பெனிகள் மொத்தமாக வாங்கி, “வெளியாள் விலை வந்தால்தான் உன் உரிமை கிளம்பும்” என்று கோர்ட்டுக்கு இழுத்த வழக்குகள் பல மாநிலங்களில் உண்டு. ஒப்பந்தத்தில் ‘முதலீட்டாளர் சம்மதம் தேவையில்லை, இந்த உரிமையைக் கிளப்ப வெளியாளின் உண்மையான கொள்முதல் முன்மொழிவு தேவையில்லை’ என்று பச்சையாக எழுத வையுங்கள். முதலீட்டாளரின் வக்கீல் இதில் முகம் சுளிப்பார். இந்த வரிக்காக நில விலையில் விட்டுக்கொடுக்கச் சொன்னால்கூட விட்டுக்கொடுக்கலாம்.

#15 பனைமரம்

கடைசியாக ஒன்று. நாளைக்கே கமிட்டி ஒரு சின்னத் தொகை ஒதுக்கினால் முதலில் எதில் செலவழிப்பது?

#16 வில்லங்கம் பார்ப்பவன்

கட்டடக் கலைஞரிடம் போகாதீர்கள். அழகான படம் வந்துவிட்டால் எல்லாரும் அதற்கே கட்டுப்பட்டுவிடுவார்கள். முதலில் பத்திரத்தில் வில்லங்கம் பாருங்கள். ஆராதனைக்கு மட்டும் என்று தானமாகக் கொடுத்த நிலம் என்றால், பயன்பாடு மாறினால் தானம் கொடுத்தவர் வாரிசுக்குத் திரும்பும் நிபந்தனை இருக்கலாம். அடுத்து யார் கையெழுத்துப் போடலாம் என்பது. பிரஸ்பிட்டேரியன் என்றால் வட்டார மன்றம், எபிஸ்கோபல் என்றால் பேராயரும் நிலைக்குழுவும், மெதடிஸ்ட் என்றால் சொத்தே மேல்சபைக்கான நம்பிக்கைப் பொறுப்பில். வர்ஜீனியாவில் சொத்து தர்மகர்த்தாக்கள் பெயரில் இருந்தால் விற்கவும் அடமானம் வைக்கவும் சர்க்யூட் கோர்ட் அனுமதி வேண்டும். அங்கே 2002 வரை சர்ச் ஒரு கம்பெனியாகப் பதிவாகவே முடியாது என்பதால் பழைய சபைகள் பல இன்னும் தர்மகர்த்தா முறையில்தான் இருக்கின்றன. உங்கள் சபை எது என்று பத்திரத்தின் முதல் பக்கமே சொல்லும்.

#17 பாய்லர் மேஸ்திரி

மிச்சம் இருந்தால் முதற்கட்ட மண் ஆய்வு. ஆனால் 180 நாளுக்கு மேல் பழசானால் அதைப் புதுப்பிக்கச் சொல்வார்கள், அதனால் கட்டுகிற நிறுவனம் யாரென்று ஒரு பேச்சு முடிந்த பிறகு செய்யுங்கள். எண்ணெய்த் தொட்டிக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம்: பாய்லர் அறை வெளிச்சுவரில் வெட்டி அடைத்த இரண்டு செப்புக் குழாய் முனை இருக்கிறதா என்று இந்த ஞாயிறே போய்ப் பார்த்துவிடலாம்.